துடைத்தெறியும் தாளும் அதன்மேல் எழுத்தும்

ஜப்பானின் வடபாகத்திலே செண்டாய் சீமையை ஆண்டுவந்த தாதே மசாமுனே என்ற பிரபு, ஸ்பெயின் தேசத்து அரசரையும் ரோமாபுரியில் வீற்றிருந்த போப்பாண்டவரையும் நேரிற்கண்டு வாணிப உறவு பேசி வரும்படி, ஹசெகுரா ட்சுனெனகா என்ற தம்முடைய அதிகாரியை 1613-ஆம் ஆண்டில் கப்பலேற்றி அனுப்பினார். பசிபிக் மகாசமுத்திரத்தைத் தாண்டி, மெக்ஸிகோவைத் தரைமார்க்கமாகக் குறுக்கே கடந்து, மறுபடியும் அட்லாண்டிக் சமுத்திரத்தில் கப்பலேறி ஸ்பெயினை அடைந்த அந்தத் தூது கோஷ்டி, 1615-ஆம் ஆண்டில் அங்கிருந்து ரோமாபுரிக்குப் போகிற வழியில் கடல் கொந்தளித்தபடியால், பிரெஞ்சு தேசத்தின் தென்கரையிலுள்ள சான் த்ரோபே என்ற சிறு துறைமுகத்தில் ஒதுங்க வேண்டியதாயிற்று. அதற்குமுன் ஜப்பானியர் எவரையும் கண்டறியாத அந்த ஊரார், வந்தவர்களுடைய வாளின் கூர்மையையும், இரண்டு குச்சிகளைக் கொண்டு அவர்கள் ஆகாரம் உட்கொள்ளும் விதத்தையும் பார்த்து அதிசயித்துக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் கார்ப்பந்த்ரா நகரத்து நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அதிகமாக அவர்களை வியப்பில் ஆழ்த்தியது என்னவென்றால், அந்த விருந்தாளிகள் உள்ளங்கையளவான பட்டுப்போன்ற மெல்லிய தாளில் மூக்கைச் சிந்தி, ஒரு முறை உபயோகித்த தாளை மறுமுறை தொடாமல் தெருவிலே எறிந்துவிட்டுப் போனதுதான். எறிந்த தாளைப் பொறுக்குவதற்காக ஊர் ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஓடினார்களென்றும், அதைப் பார்த்து ஜப்பானியர் மிகவும் களித்தார்களென்றும் அந்தக் குறிப்பு சொல்லுகிறது.

சளித் தாளைப் பொறுக்கிச் சேர்த்த அந்தப் பிரெஞ்சுக்காரர்களை நாம் பரிகசிக்க வேண்டியதில்லை. அவர்கள் நாட்டில் அக்காலத்தில் காகிதம் என்பது, பழந்துணிக் கந்தலைத் தேடிச் சேர்த்து, அழுக ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, கம்பிச் சட்டத்தில் கையால் ஒவ்வொரு தாளாக அள்ளியெடுத்து உலர்த்திச் செய்யப்பட்ட அருமையான சரக்கு. அதன்மேல் எழுதுவதற்கு முன்பே ஒருவன் இரண்டுதரம் யோசித்திருப்பான். எறிவதற்கென்றே காகிதம் செய்வது என்ற எண்ணம் அவர்களுக்கு எட்டாததில் ஆச்சரியமில்லை. இந்நாளில் நாம் ஓட்டல் மேஜையின்மேல் காணும் காகித நாப்கினையும், பெட்டியிலிருந்து உருவும் டிஷ்யூவையும் அமெரிக்காக்காரன் மூளையில் உதித்தவை என்று பொதுவாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். யந்திரத்தைப் பொறுத்தவரையில் அது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் இந்தச் சரக்கின் பூர்வோத்தரத்தைத் துருவிப் பார்க்கும்போது, அது எப்படி மெதுவாயிற்று, எப்படி மலிவாயிற்று என்ற கதையைக் காட்டிலும் எனக்கு ருசிகரமாகத் தோன்றுவது வேறொன்று: எறியப்போகிற தாளின்மேல் எழுத்து இருக்கலாமா, இருந்தால் அது யாருடைய பெயராக இருக்கலாம் என்ற விஷயத்தில் மனிதர்கள் ஆயிரத்து நானூறு வருஷங்களாகப் பட்டுவந்திருக்கிற சங்கடம்.

காகிதத்தைக் கண்டுபிடித்த சீனர்களே இந்தச் சங்கடத்தையும் முதலில் கண்டார்கள். ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த யான் ஷித்துயி என்ற பண்டிதர், தம்முடைய குடும்பத்தாருக்கு எழுதிவைத்த உபதேசங்களுக்கு நடுவே, ஐந்து மூலநூல்களின் வாக்கியமோ உரையோ, ஞானிகளின் நாமமோ எழுதப்பட்டிருக்கும் தாளைத் தாம் ஒருநாளும் கழிப்பறைக் காரியத்துக்கு உபயோகிக்கத் துணிவதில்லை என்று தெரிவித்திருக்கிறார். காகிதத்தில் கால் பட்டுவிட்டால் சரசுவதியை மிதித்துவிட்டதாகப் பதறி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி பழக்கப்பட்ட நமக்கு, அந்தச் சீனப் பெரியவரின் உள்ளம் எளிதில் விளங்கும். ஆனால் அவருடைய வாக்கியத்தைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால், வாசகமற்ற காகிதம் அந்தக் காரியத்துக்குப் போவதில் அவருக்கு யாதொரு ஆட்சேபமும் இருக்கவில்லை என்பதும், அது அப்போதே சர்வசாதாரணமாயிருந்தது என்பதும் கூடவே வெளியாகிவிடுகின்றன. 851-ஆம் ஆண்டில் சீனத்தைப் பற்றி எழுதப்பட்ட ஓர் அரபு நூலும், அந்த நாட்டார் தண்ணீரால் கால் கழுவாமல் காகிதத்தால் துடைத்துக்கொள்ளுகிறவர்கள் என்று, சுத்தத்தில் அவர்களுக்கு அக்கறை போதாது என்னும் தொனியில் எடுத்துரைக்கிறது. இந்த வழக்கில் நம்மவர் எல்லோரும் அரபியின் கட்சியிலேதான் சேருவார்கள். சீனச் சக்கரவர்த்திகளோ அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1393-ஆம் ஆண்டில் அரண்மனைப் பரிவாரத்தின் உபயோகத்துக்கென்று இரண்டடி அகலமும் மூன்றடி நீளமுமான தாள்கள் 7,20,000-மும், அரச குடும்பத்தாருக்கென்று தனியாக, மெதுவாகவும் மஞ்சள் நிறமாகவும் வாசனையூட்டியும் செய்த மூன்றங்குலச் சதுரத் தாள்கள் 15,000-மும் சித்தமாயின என்று கணக்கிருக்கிறது.

ஐரோப்பாவில் அச்சுப் புத்தகங்கள் மலிந்த பிறகு சங்கடம் தலைகீழாகத் திரும்பிற்று. அங்கே வெற்றுத் தாளைக் காட்டிலும் அச்சிட்ட தாளே குறைந்த விலைக்குக் கிடைத்தது. 1747-ஆம் ஆண்டில் செஸ்டர்பீல்டு பிரபு தம்முடைய மகனுக்கு எழுதிய கடிதமொன்றில், காலத்தை வீணாக்காத ஒரு மனிதனை உதாரணமாக எடுத்துக்காட்டுகிறார்: அந்த மனிதன் ஹொரேஸ் கவியின் மலிவுப் பதிப்பு ஒன்றை வாங்கி, நாள்தோறும் இரண்டொரு ஏடுகளாகக் கிழித்துக் கொல்லைக்குக் கொண்டுபோய், முதலில் படித்து முடித்து, பிறகு சாக்கடைத் தேவதைக்குச் சமர்ப்பணம் செய்துவந்தானாம். மகனும் அவ்வாறே செய்யவேண்டுமென்பது தந்தையின் சிபாரிசு. யான் ஷித்துயி அதைக் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார். அமெரிக்காவிலோ கிராமத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில் பஞ்சாங்கமும் விலைப்பட்டியலும் இதே கதிக்கு ஆளாயின; குடியானவர்களுக்கென்று வெளிவந்த பஞ்சாங்கம் ஒன்றில், ஆணியில் மாட்டுவதற்கு வசதியாக அச்சிடுகிறவர்களே மூலையில் துளையிட்டுக் கொடுத்தார்கள் என்றால், தங்கள் நூல் கடைசியில் எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தார்கள் என்று அர்த்தம்.

இலவசமாகக் கிடைக்கிற அந்த அச்சுத் தாளோடு போட்டியிட்டு வெற்றுத் தாளை விலைக்கு விற்க முற்பட்ட முதல் அமெரிக்கர் ஜோசப் கெயெட்டி. 1857-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது, மணிலாச் சணலினால் செய்து கற்றாழைச் சாறு சேர்த்த தாள். ஐந்நூறு தாள் கொண்ட கட்டு ஐம்பது சென்ட். பத்திரிகைகளில் அவர் செய்த விளம்பரத்தின் சாரமெல்லாம் அச்சு மை விஷம் என்பதுதான்: செய்தித் தாளையும் பழைய புத்தகத்தையும் உபயோகிக்கிறவன் மையிலுள்ள நஞ்சைத் தன் உடம்பில் தானே பூசிக்கொள்ளுகிறான், மூல வியாதியை வரவழைத்துக்கொள்ளுகிறான் என்று பயமுறுத்தி, தம்முடைய தாள் மையற்றது, ஆகையால் மருந்தைப்போல் குணமுள்ளது என்று பறைசாற்றினார். வைத்தியப் பத்திரிகைகள் அவரைப் போலி வைத்தியரென்று கேலி செய்தன. இவ்வளவு தூரம் மையைப் பகைத்த மனிதர் தம் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு தாளிலும் நீர்க்குறியாக அதைப் பதித்திருந்தார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தெரியும்படி. போலிச் சரக்கைத் தடுப்பதற்காக அவர் கையாண்ட உபாயம் அது. ஞானிகளின் பெயருக்கு இழுக்கு வரலாகாதென்று ஒருவர் அஞ்சிய இடத்தில், தம்முடைய பெயர் இல்லாமற் போகலாகாதென்று இன்னொருவர் அஞ்சினார். வாணிபம் வந்தால் அச்சத்தின் திசையே மாறிவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர்களும் உண்டு. 1879-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் கம்பெனி தொடங்கிய இர்வின் ஸ்காட், கிளாரென்ஸ் ஸ்காட் என்ற சகோதரர்கள், பெரிய காகிதச் சுருள்களை வாங்கி அறுத்துச் சிறு சுருள்களாக விற்றார்கள். சபையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் அந்தச் சரக்கின்மேல் தங்கள் குடும்பப் பெயர் விளங்குவதை நெடுங்காலம் விரும்பாமல், ஊர்தோறும் உள்ள கடைக்காரர்களின் பெயரை உறையில் அச்சடித்து அவர்கள் சரக்காகவே அனுப்பிவந்தார்கள். அவ்விதம் அவர்கள் சரக்கு தாங்கிய பெயர்கள் இரண்டாயிரத்துக்கு மேல். சுருளைத் துண்டு துண்டாகக் கிழிப்பதற்கு வசதியாக நடுநடுவே துளைவரிசை போடும் உபாயம் ஆல்பனி நகரத்து சேத் வீலருடையது. 1871-ஆம் ஆண்டில் பொட்டலம் கட்டும் காகிதத்துக்கென்று அவர் பெற்ற காப்புரிமை, 1891-ஆம் ஆண்டில் கழிவறைச் சுருளுக்கும் நீண்டது. சுருளின் நுனி முன்பக்கம் தொங்க வேண்டுமா, சுவரோரம் தொங்க வேண்டுமா என்று மேனாட்டுக் குடும்பங்களில் நடக்கிற தீராத சண்டையிலே, முன்பக்கம்தான் என்பதற்கு வீலருடைய காப்புரிமைப் படத்தையே இன்றளவும் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

இவர்களையெல்லாம் விட என் மனத்தைக் கவர்ந்தவை லண்டன் தெருக்களில் விற்ற காகித நாப்கின்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஜப்பானிலிருந்து மெல்லிய சுருக்கத் தாள்கள் நாலுபுறமும் பூவும் இலையும் வண்ண வண்ணமாக அச்சான ஓரத்தோடும், நடுவிடம் வெறுமையாகவும் கட்டுக்கட்டாக இங்கிலாந்துக்கு வந்து இறங்கின. விருந்து மேஜைக்கென்று வந்த அந்தத் தாளின் வெறுமையைக் கண்ட லண்டன் அச்சுக்காரர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. ஊரிலே பட்டாபிஷேகம், ராஜ ஊர்வலம், மரண ஊர்வலம், பெருங்கூட்டம் எது நடந்தாலும், அதன் வரலாற்றையும் நிகழ்ச்சி நிரலையும் படத்தையும் கறுப்பு மையில் அந்த நடுவிடத்திலே அடித்து, கூட்டத்துக்குள் விற்பனைக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டிராண்டு பகுதியில் பர்ஜெஸ் என்ற பெயரில் நடந்த அச்சகம் இந்தத் தொழிலில் பேர்பெற்றது. மைக்கும் அந்தத் தாளுக்கும் ஒத்துவராது. சுருக்கத்தின் மேட்டிலே பட்ட மை பள்ளத்திலே படாது, பட்ட இடத்திலோ எழுத்தின் விளிம்பைத் தாண்டிப் பரவிவிடும். ஆகவே அரசரின் முகம் கரியப்பியது போலும், எழுத்துக்கள் எறும்பு கலைந்தது போலும் இருக்க, சுற்றிலும் மட்டும் ஜப்பானியப் பூக்கள் யாருக்கு என்ன நேர்ந்தாலும் சரியென்று மலர்ந்திருக்கும்.

1908-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 21-ஆம் தேதி, வாக்குரிமை கேட்டு லண்டன் ஹைடு பூங்காவில் பெண்கள் திரண்ட மாபெரும் கூட்டத்துக்கும் அவ்விதம் நாப்கின் அச்சாயிற்று. ராஜ்ய சபையில் இடமில்லாதவர்கள், அந்த ராஜ்யத்தின் சாப்பாட்டு மேஜைக்குரிய தாளில் தங்கள் கோரிக்கையின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தபோது என்ன நினைத்திருப்பார்களோ! 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் மாண்டபோதும் நாப்கின் வந்தது. கப்பலின் படமும் விபத்தின் வரலாறும் நடுவிலே, வழக்கமான பூக்கள் ஓரத்திலே. துக்கத்தை விற்பதிலும் ஒரு மரியாதை வேண்டாமா என்று நமக்குக் கேட்கத் தோன்றும். ஆனால் வாங்கியவர்கள் யாரும் அதில் வாயைத் துடைத்ததாகத் தெரியவில்லை. மடித்துப் பெட்டியில் வைத்தார்கள், ஏட்டுக்குள் செருகினார்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் பொருட்காட்சிசாலைக்குக் கொடுத்தார்கள். ஒரு வேளை உணவுக்குமேல் தாங்காதென்று செய்யப்பட்ட தாள், எழுத்து ஏறியதன் பலனாக நூறு வருஷம் தாண்டி நிற்கிறது. இந்த ஒரு தாளிடத்திலே மட்டும் யான் ஷித்துயியின் கட்சி ஜெயித்துவிட்டது என்றே எண்ணுகிறேன்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் நோய்க்கிருமியைப் பற்றிய பயம் வலுத்துவந்தது. 1907-ஆம் ஆண்டில் ஸ்காட் கம்பெனிக்கு, கழிவறைச் சுருளுக்கு உதவாதபடி தடித்துப்போன காகிதம் ஒரு ரயில் வண்டிப் பெட்டி நிறைய வந்து சேர்ந்தது என்றும், இர்வினுடைய மகன் ஆர்தர் ஸ்காட் அதைத் திருப்பியனுப்பாமல், ஜலதோஷம் பிடித்த பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவாகத் தொங்கும் துவாலையைத் தொடாதபடி ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்துவந்த பிலடெல்பியா ஆசிரியை ஒருவரின் செய்கையை நினைவுகூர்ந்து, அந்தத் தடித்த காகிதத்தைக் கைத்துண்டாகத் துளையிட்டு விற்றார் என்றும் கம்பெனியின் ஐதிகம் சொல்லுகிறது. ஐதிகங்கள் பொதுவாக உண்மையைவிட வடிவாக அமைந்துவிடுகின்றன. எப்படியானாலும் துண்டுகள் விற்றன. 1911-ஆம் ஆண்டில் கான்ஸாஸ் மாகாணத்தில் டாக்டர் சாமுவேல் கிரம்பைனின் முயற்சியால் பொதுத் துவாலைக்கே தடை விதிக்கப்பட்டபின், பள்ளிக்கூடம், ரயில் நிலையம், ஓட்டல் எங்கும் காகிதத் துண்டுக்கு வழி திறந்தது. சமையலறைக்கு அது வந்து சேர 1931-ஆம் ஆண்டு ஆயிற்று.

மெல்லிய தாளின் மென்மை எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். பன்னிரண்டு, பதினைந்து அடி குறுக்களவுள்ள பிரம்மாண்டமான இரும்பு உருளைக்குள் நீராவியைப் பாய்ச்சிக் கொதிக்க வைத்து, அதன்மேல் ஈரக்காகிதத்தை ஒட்டவிடுகிறார்கள்; உருளை ஒரு சுற்று முடிப்பதற்குள் காகிதம் உலர்ந்துவிட, விளிம்பில் காத்திருக்கும் தகட்டுக் கத்தி அதைச் சுரண்டியெடுக்கிறது. சுரண்டப்படும்போது கத்திமுனையில் மோதி நெரிபட்ட காகிதம் கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மடிப்புகளாகச் சுருங்குகிறது. அந்த மடிப்புகளே மென்மையும், இழுத்தால் சற்றுக் கொடுக்கிற குணமும், ஈரத்தை உறிஞ்சும் சக்தியும் ஆகின்றன. எழுத்தை ஏற்கமாட்டாத குணமும் அவற்றாலேயே உண்டாகிறது. பிற்காலத்தில் சமையலறைத் துண்டின்மேல் பூவும் பழமும் அச்சடிக்க முற்பட்டவர்கள், ஈய எழுத்தை அழுத்தும் பழைய முறையை விட்டு, ரப்பர் அச்சைப் பட்டும் படாமலும் தொடவைத்து ஒற்றியெடுக்கும் முறைக்கு மாறவேண்டியிருந்தது இதனால்தான்.

இனிக் கிளீனெக்ஸ். விஸ்கான்ஸின் மாகாணத்தில் 1872-ஆம் ஆண்டு ஏற்பட்ட கிம்பர்லி-கிளார்க் கம்பெனியின் ரசாயன நிபுணர் எர்னஸ்ட் மாலர், முதல் மகாயுத்தத்தை ஒட்டிய காலத்தில் ஐரோப்பியக் காகித ஆலைகளைச் சுற்றிப்பார்த்துவிட்டு, பஞ்சைப்போல உறிஞ்சும் மரக்கூழ் மெத்தை ஒன்றைத் தங்கள் ஆலையில் தயாரித்தார். போர்க்களத்தில் காயத்துக்குக் கட்ட அது பயன்பட்டது. தாதிமார் அதைத் தங்கள் மாதவிலக்குக்கும் உபயோகித்துப் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து தேங்கிய சரக்கிலிருந்து, தாதிமார் காட்டிய வழியில் 1920-ஆம் ஆண்டில் கோட்டெக்ஸ் பிறந்தது; அதையே மேலும் மெல்லியதாக்கி, முகத்தில் பூசிய களிம்பைத் துடைக்கும் தாளென்று 1924-ஆம் ஆண்டில் கிளீனெக்ஸ் என்ற பெயரில் விற்றார்கள். ஹாலிவுட் நடிகைகள் விளம்பரத்தில் தோன்றி, தங்கள் ஒப்பனையை அதைக் கொண்டே கலைப்பதாகச் சொன்னார்கள். ஆனால் வாங்கிய ஜனங்கள் அதில் மூக்கைச் சிந்தினார்கள். கம்பெனிக்கு வந்த கடிதங்களிலிருந்து இந்தச் சமாசாரம் கசிந்து, சந்தேகம் தீர்ப்பதற்காக 1930-ஆம் ஆண்டு வாக்கில் இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரத்தில் பத்திரிகை மூலம் விசாரித்தபோது, நூற்றுக்கு அறுபது பேர் கைக்குட்டையாகவே உபயோகிக்கிறார்கள் என்று தெரிந்தது. ஜலதோஷத்தைச் சட்டைப் பையில் சுமந்துகொண்டு திரியாதே என்று விளம்பரத்தின் பாட்டை உடனே மாற்றினார்கள். விற்பனை மளமளவென்று ஏறிற்று. ஹசெகுராவின் ஆட்கள் தெருவில் செய்துகாட்டிய காரியத்தை மேனாட்டார் மூன்று நூற்றாண்டு கழித்து, அதுவும் தயாரித்தவர்களின் எண்ணத்துக்கு விரோதமாக, தாங்களாகக் கற்றுக்கொண்டார்கள். ஒன்றை உருவினால் அடுத்தது தலைகாட்டும் பெட்டி, சிகாகோவைச் சேர்ந்த ஆண்ட்ரு ஓல்ஸனின் யுக்தி: ஒவ்வொரு தாளின் மடிப்புக்குள்ளும் அடுத்த தாளின் பாதி புகுந்திருக்கும்படி கோத்து வைப்பதால், போகிற தாள் வருகிற தாளை வாசல்வரையில் இழுத்து விட்டுவிட்டுத்தான் போகும்.

ஜெர்மனியில் டெம்போ என்ற காகிதக் கைக்குட்டை 1929-ஆம் ஆண்டு ஜனவரியில் பதிவாயிற்று. நூரம்பெர்க் நகரத்து அந்த ஆலை ரோசன்பெல்டர் சகோதரர்களுடையது, அவர்கள் யூதர்கள். ஹிட்லர் பதவிக்கு வந்த 1933-ஆம் ஆண்டிலேயே அவர்கள் தேசத்தை விட்டு ஓட நேர்ந்தது; ஆலை குஸ்தாவ் ஷிக்கெடான்ஸ் என்ற வர்த்தகர் கைக்கு மாறிற்று. தாளின் பெயர் மட்டும் மாறாமல், ஜெர்மானியர் எந்தக் காகிதக் கைக்குட்டையையும் டெம்போ என்றே கேட்கும்படி நிலைத்துவிட்டது.

யுத்தத்துக்குப் பிற்காலத்தில், எழுத்து தாளை விட்டுவிட்டு உறைக்குக் குடிபோனது. சூப்பை அளந்து பொட்டலமாக்கும் பழைய யந்திரம் ஒன்றைத் திருத்தியமைத்து, மணமூட்டிய ஈரத் தாளை ஒவ்வொன்றாக உறையிலடைத்த நியூயார்க் வாசி ஆர்தர் ஜூலியஸ், 1960-ஆம் ஆண்டில் சிகாகோவில் நடந்த உணவுவிடுதிக்காரர்களின் கண்காட்சியில் அதை அறிமுகம் செய்தார். 1963-ஆம் ஆண்டில், கோழி வறுவலைக் கையால் உண்ணச் சொல்லி விற்றுக்கொண்டிருந்த கர்னல் சாண்டர்ஸ் அதை வாங்கத் தொடங்கினார். விரலில் எண்ணெய் படிந்தவனுக்குக் கடையின் பெயர் கிழித்தெறிகிற உறையின்மேல் தெரிந்தால் போதுமானதாயிருந்தது. ஜப்பானில் இந்த வித்தை இன்னும் உயர்ந்த நிலையை அடைந்தது. கைக்காகிதத் தொழிலுக்குப் பழம்பெருமை வாய்ந்த ஷிகோகு தீவின் கோச்சிப் பகுதியில், மெய்செய் என்ற கம்பெனியின் அதிபர் மோரி ஹிரோஷி, அதுவரையில் தீப்பெட்டி அட்டையில் நடந்துவந்த இலவச விளம்பரத்தைத் தாளுக்குத் திருப்பலாமென்று கருதி, டிஷ்யூவைச் சட்டைப்பையில் அடங்கும்படி மடித்து உறையிலிடும் யந்திரத்தை 1960-களின் இறுதியில் செய்தார். முதலில் பாங்குகள் வாங்கிக் கொடுத்தன. பின்னர் ரயிலடிகளில் போகிற வருகிறவர் கையிலெல்லாம் திணித்தார்கள். வெறும் விளம்பரச் சீட்டை நீட்டினால் கையை மடக்கிக்கொள்ளுகிறவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். உறைக்குள் தெரியும் சீட்டின் வாசகம், கடைசித் தாள் தீரும்வரையில், தும்மும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

அப்படி வெளியேறிய எழுத்தைத் திரும்ப உள்ளே அழைத்துவந்ததும் அதே தேசம். திகில் கதைகளால் புகழ்பெற்ற கோஜி சுசுகி என்ற ஆசிரியர் எழுதிய குறுங்கதை ஒன்றை, 2009-ஆம் ஆண்டில் ஹயாஷி என்ற காகிதக் கம்பெனி கழிவறைச் சுருளிலேயே அச்சடித்து விற்றது. கதை நிகழுமிடமும் பொதுக் கழிவறைதான். ஒன்பது சிறு அத்தியாயங்களும் ஏறக்குறைய மூன்றடி நீளத்துக்குள் அடங்கிவிடுகின்றன. முடிந்த இடத்திலிருந்து கதை மறுபடியும் தொடங்கிச் சுருள் தீரும்வரையில் திரும்பத் திரும்ப அச்சாகியிருப்பதால், முன்னே போனவர் நடு அத்தியாயத்தில் கிழித்துவிட்டுப் போயிருந்தாலும் பின்னே போகிறவருக்குக் கதை தப்பிப்போவதில்லை. செஸ்டர்பீல்டு பிரபு புகழ்ந்த அந்த மனிதன் ஹொரேஸைக் காசு கொடுத்து வாங்கித் தானே கிழிக்க வேண்டியிருந்தது. இங்கே கிழிக்கும் இடத்தில் துளைவரிசையும் போட்டே கொடுத்தார்கள்.